ஓணமும் கோரனும்

(குவைத்தில் வேலை செய்யும் மலையாளத் தோழர்கள் கூட்டிய ஓணக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



உங்கள் ஓணக் கொண்டாட்டத்தில் நம்மையும் நாலு வார்த்தை பேசும்படி கேட்டுக் கொண்டிருக்கிறீர்கள். சுயமரியாதைக்காரர்களைப் பண்டிகைக்கு அழைப்பது கலியாண வீட்டுக்குக் கடன்காரனை அழைப்பது போலாகும் என்று உங்களில் சிலர் பயந்ததாகவும் கேள்விப்பட்டோம். அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. ஜனங்கள் கூடிச் சந்தோஷமாய்ச் சாப்பிடுவதை நாம் எக்காலத்திலும் ஆட்சேபித்தவர்களல்ல. சாப்பாட்டுக்கு நடுவில் எவனாவது ஒரு கதையைக் கொண்டு வந்து வைத்து, அந்தக் கதையின் பேரால் ஒருவனை மேலே ஏற்றி மற்றொருவனைக் கீழே தள்ளுவானேயானால், அதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

அந்த முறையில் பார்த்தால் ஓணம் ஒரு விசித்திரமான பண்டிகை. நாட்டில் நடக்கும் பண்டிகைகளில் அநேகம் யாரோ ஓர் அசுரனைக் கொன்றதற்காகக் கொண்டாடப்படுபவை. தீபாவளியன்று நரகாசுரன் செத்தான் என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். செத்தவன் யார், அவன் செய்த குற்றமென்ன என்று கேட்பவன் இல்லை. மலையாளிகளாகிய நீங்களோ, தோற்றுப்போன அசுரன் வருஷத்திற்கு ஒருமுறை திரும்பி வருகிறான் என்று வீடு மெழுகிப் பூப்போட்டுக் காத்திருக்கிறீர்கள். கடவுள் ஜெயித்த கதையில் ஜனங்கள் அசுரன் பக்கம் நிற்கிற பண்டிகை இது. இந்த ஒரு காரணத்திற்காகவே நாம் இங்கு வருவதற்கு இசைந்தோம்.

ஆனால் கதையை அப்படியே நம்பிவிட வேண்டும் என்பதல்ல. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மகாபலி என்பவன் நல்ல அரசன், கேட்டவர்க்கு இல்லையென்னாதவன் என்று புராணமே சொல்லுகிறது. அவன் பெருமையைப் பொறுக்கமாட்டாத தேவர்களுக்காக மகாவிஷ்ணு குள்ளப் பார்ப்பனனாக வேஷம் போட்டு வந்து மூன்றடி மண் யாசிக்கிறார். “இது மோசடி, கொடாதே” என்று குரு சுக்கிராச்சாரி தடுக்கிறார். “சொன்ன சொல்லை மீற மாட்டேன்” என்கிறான் அரசன். உடனே குள்ளன் வானமளவு வளர்ந்து, இரண்டடியில் உலகமெல்லாம் அளந்துவிட்டு, மூன்றாவது அடியை அவன் தலையில் வைத்துப் பாதாளத்தில் அழுத்துகிறார். இதில் யோக்கியன் யார், அயோக்கியன் யார் என்பதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். இதே வழக்கு இந்தக் குவைத்து கோர்ட்டில் வந்திருக்குமேயானால் யாசித்தவரைத்தான் பிடித்து உள்ளே வைத்திருப்பார்கள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாகவத புராணப்படி மகாபலி யாகம் செய்த இடம் நருமதை ஆற்றங்கரை. அது மலையாளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை ரயிலில் போனவர்கள் அறிவார்கள். மேலும், மலையாள நாட்டையே பரசுராமன் கோடாலியை வீசிக் கடலிலிருந்து மீட்டுப் பார்ப்பனருக்குத் தானம் செய்தான் என்று மற்றொரு கதை சொல்லுகிறது. வாமனன் ஐந்தாவது அவதாரம், பரசுராமன் ஆறாவது. ஐந்தாவது அவதாரக் காலத்தில் மகாபலி ஆண்ட நாட்டை ஆறாவது அவதாரம் வந்து கடலிலிருந்து எடுத்ததென்றால், மகாபலி எதை ஆண்டான்? மீனையா ஆண்டான்? இரண்டு கதையையும் ஒரே வாயால் சொல்லுகிற சாஸ்திரிகளைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். நமது மதுரைக்காஞ்சியிலும் ஓணநாள் வருகிறது. ஆனால் அங்கே அது மாயோனுடைய நாள், மகாபலி அங்கு வரவில்லை. ஆகவே பழைய நாள் ஒன்று, அறுவடைக் காலம் ஒன்று, புராணம் ஒன்று, எல்லாம் காலப்போக்கில் ஒரே இலையில் விழுந்து கலந்தன என்று வைத்துக் கொள்வதுதான் புத்திக்குப் பொருந்தும்.

இப்படிக் கலந்ததில் ஜனங்கள் மகாபலியை எடுத்துக் கொண்டார்கள், கோயில்காரர்கள் வாமனனை எடுத்துக் கொண்டார்கள். அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள் போடும் பூக்களத்தின் நடுவில், திருக்காக்கரையப்பன் என்று களிமண்ணால் செய்து வைக்கிறார்களே, அது யார்? திருக்காக்கரைக் கோயில் வாமனமூர்த்தி! ஏமாற்றப்பட்டவனை வரவேற்கப் போட்ட பூவில் ஏமாற்றினவன் உட்கார்ந்திருக்கிறான். 2016ம் வருஷம் ஓணத்திற்கு முந்திய நாள், அப்போது பாரதீய ஜனதாக் கட்சிக்குத் தலைவராயிருந்த அமித் ஷா அவர்கள் வாமன ஜெயந்தி வாழ்த்துச் சொன்னதும், மலையாள நாடு முழுவதும் கோபித்துக் கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோபம் நியாயமான கோபம். ஆனால் கோபித்தவர்கள் வீட்டுப் பூக்களத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

படத்தைப் பாருங்கள். இதோ மேடைக்குப் பின்னால் தொங்குகிறது. பெருந்தொந்தியும் ஓலைக்குடையும் கிரீடமுமாய் ஒரு மாவேலி. மார்பிலே பூணூல்! அசுரகுலத்து அரசனுக்குப் பூணூல் போட்டவன் யார்? நல்லவன் என்றால் பூணூல் இருந்தே தீர வேண்டும் என்று படம் எழுதியவன் எண்ணிவிட்டான் போலும். அடுத்த வருஷம் வேஷம் கட்டுகிற தோழர் அந்த நூலையாவது கழற்றிவிட்டு வருவாரானால் நமக்குத் திருப்தியாயிருக்கும்.

நிற்க. மாவேலி ஆண்ட காலத்தில் மனிதரெல்லாம் ஒன்று போல் இருந்தார்கள், கள்ளமில்லை, பொய்யில்லை என்று நீங்கள் பாடுகிறீர்கள். எப்போது இருந்தது அப்படி ஒரு காலம்? சரித்திரத்தில் தேடினால் கிடைக்காது. சரித்திரத்தில் கிடைப்பது வேறொருவன். அவன் பேர் கோரன்.

கோரனை உங்களுக்குத் தெரியும். ஓணம் வந்தாலும் சரி, உண்ணி பிறந்தாலும் சரி, கோரனுக்குக் கும்பிளில்தான் கஞ்சி என்பது உங்கள் நாட்டுப் பழமொழி. தமிழ்த் தோழர்களுக்காகச் சொல்லுகிறோம்: கும்பிள் என்பது இலையை மடித்துச் செய்த தொன்னை. நாற்று நட்டவன், களை பறித்தவன், கதிர் அறுத்தவன் கோரன். நெல் ஜன்மியின் பத்தாயத்திற்குப் போயிற்று. கோரனுக்குக் கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணம் தீட்டாகிவிடும் என்று இலையில் ஊற்றினார்கள். ஓணத்திற்குக் குடியானவன் வாழைக்குலையும் காய்கறியும் சுமந்து போய் ஜன்மி வாசலில் “ஓணக்காழ்ச்ச” என்று வைக்க வேண்டும். ஜன்மி ஒரு துணியை எடுத்துப் போடுவான். இதற்குப் பேர் தர்மம்! கொண்டு வந்தது ஒருவன் உழைப்பு, கொடுத்தது அதே உழைப்பில் ஒரு முழத்துண்டு. காணம் விற்றும் ஓணம் உண்ண வேண்டும் என்று இன்னொரு பழமொழி. காணம் என்கிற நிலபாத்தியதை உள்ளவன் அதை விற்று உண்டான். விற்க ஒன்றுமில்லாத கோரன் எதை விற்றான்? அவனைப் பற்றித்தான் முதற் பழமொழி.

இந்தக் கோரன் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஜாதிக்கு ஜாதி கணக்கு வைத்திருந்த நாடு உங்கள் நாடு. நாம் குறை சொல்லுவதாக எண்ண வேண்டாம். எங்கள் நாடும் அதற்குக் குறைந்ததல்ல. ஆனால் அந்த நாட்டிலேயே மனிதர்களும் இருந்தார்கள். 1917ம் வருஷம் கொச்சி நாட்டுச் செறாயி என்னும் ஊரில் சகோதரன் அய்யப்பன் என்கிற வாலிபர், ஈழவர்களையும் புலையர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பிடச் செய்தார். இலையில் இருந்தது பெரிய விருந்தல்ல. ஆனால் ஊர் கொதித்தது. சொந்த ஜாதிக்காரர்களே அவரைத் தள்ளி வைத்தார்கள். “புலையன் அய்யப்பன்” என்று வசை சொன்னார்கள். அவரோ அதைப் பட்டமாக ஏற்றுக் கொண்டார். நாராயண குருவின் சீடராயிருந்தும், குரு சொன்ன ஒரு ஜாதி, ஒரு மதம், ஒரு கடவுள் என்பதையும் தாண்டி, மனிதனுக்கு ஜாதி வேண்டாம், மதம் வேண்டாம், கடவுளும் வேண்டாம் என்றார். மாவேலிப் பாட்டைத் தம்முடைய முறையில் திருப்பிப் பாடியவரும் அவரே. நம்மைக் கேட்டால், மாவேலி நாட்டை மலையாளத்தில் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தச் செறாயிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான் என்று சொல்லுவோம்.

பின்பு நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததே. 1924ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. அதில் ஈரோட்டிலிருந்து போய்ச் சிறையிருந்த கதையைத் தமிழ்த் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1936 நவம்பர் 12ந் தேதி திருவாங்கூரில் கோயில் திறந்தது. 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து சட்டப்படி ஜன்மி முறையே ஒழிந்தது. அத்தோடு ஓணக்காழ்ச்ச சுமப்பதும் போயிற்று. இவற்றில் ஒன்றையாவது மாவேலி பாதாளத்திலிருந்து வந்து செய்தானா? இல்லை. அடிபட்டும், பட்டினி கிடந்தும், சிறை சென்றும் மனிதர்கள் செய்தார்கள்.

ஜன்மி ஒழிந்த நாட்டில் கோரன் பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டுமே? கப்பலேறினான், பிறகு விமானமேறினான். இன்று வெளிநாடுகளில் இருக்கும் மலையாளிகள் ஏறக்குறைய 22 இலட்சம் என்று 2023ல் எடுத்த கணக்கு சொல்லுகிறது. அவர்களில் பெரும்பாலோர் இந்த வளைகுடா நாடுகளில்தான் இருக்கிறார்கள். நாட்டில் வயல் சுருங்கிப் போயிற்று. 1970களின் நடுவில் எட்டே முக்கால் இலட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைந்த மலையாளத்தில் இன்று அதில் கால் பங்கு அளவே விளைகிறது. ஆக, அறுவடைப் பண்டிகை இருக்கிறது, அறுவடை குறைந்து விட்டது. பூக்களத்திற்குப் பூ தோவாளையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் போகிறது. அவியலுக்குக் காய் ஒட்டன்சத்திரத்திலிருந்து போகிறது. உங்களுக்கு இங்கே இலைகூட விமானத்தில் வந்திருக்கிறது! அப்பாசியாவிலும் சால்மியாவிலும் பாகேலிலும் எந்த வயலைப் பார்த்து ஓணம் கொண்டாடுகிறீர்கள்? மழையில்லை, ஆறில்லை, வள்ளமில்லை, முற்றமில்லை. திருவோணம் எந்த நாளில் வந்தாலும் உங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஓணம். அதுவும் மண்டபம் கிடைக்கிற வெள்ளிக்கிழமை. சிங்க மாதத்தில் தொடங்குகிற ஓணம் கிறிஸ்துமஸ் வரை போகிறதென்று உங்கள் தோழர்களே சிரிக்கிறார்கள்.

இதைக் குறையென்று நாம் சொல்லவில்லை. இதுதான் இப்பண்டிகையின் சிறப்பு என்கிறோம். நட்சத்திரம் போயிற்று, ஒன்றும் கெட்டுப் போகவில்லை. கோயில் போயிற்று, சாதம் வெந்துதான் இருக்கிறது. ஜன்மி வாசல் போயிற்று, யாருக்கும் அதனால் வருத்தமில்லை. மிஞ்சியிருப்பது என்ன? ஒரு வரிசை இலை. அந்த வரிசையில் நாயர் பக்கத்தில் ஈழவர், அவர் பக்கத்தில் புலையர் வீட்டுப் பிள்ளை, பக்கத்தில் மலப்புறத்து முஸ்லிம், அவருக்குப் பக்கத்தில் கோட்டயத்துக் கிறிஸ்தவர். நேற்றிரவு முழுவதும் ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து காய் நறுக்கியதைப் பார்த்தோம். ஊரில் எத்தனை வீட்டில் இது நடக்கும்? 1917ல் ஊரைவிட்டுத் தள்ளப்படுவதற்குக் காரணமாயிருந்த காரியம் இன்று இந்த மண்டபத்தில் யாரும் கவனிக்காமலே நடக்கிறது. முஸ்லிமுக்கு ஓணம் கூடாதென்கிற சில மௌலவிகளும், வாமனனைக் கும்பிடாதவனுக்கு ஓணமேது என்கிற சில சங்கத்தார்களும் ஒருநாள் இங்கு வந்து இந்தப் பந்தியைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

1990 ஆகஸ்டு 2ந் தேதி இந்த ஊருக்குள் ஈராக் படை நுழைந்தபோது, ஏறக்குறைய 1,70,000 இந்தியர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜோர்டான் வழியாக விமானமேறினார்கள். அவ்வருஷத்து ஓணம் அநேகருக்கு நடுவழியில் வந்து போயிற்று. அங்கே ரொட்டிக்கு நின்ற வரிசையில் யாராவது எத்தனை அடி தள்ளி நிற்பது என்று கேட்டார்களா? ஆபத்தில் மறந்து போகிற ஜாதி, ஆபத்து தீர்ந்ததும் எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான் நமக்கு ஆச்சரியம்.

திரும்பி வந்திருக்கிறது, தோழர்களே! இந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்கள் தொழிலாளர்கள், ஆகையால் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். ஆனால் இதே நாட்டில் ஜாதிச் சங்கங்களுக்குக் கிளைகள் இல்லையா? அவரவர் ஜாதிக்கு அவரவர் ஓணம் நடக்கவில்லையா? “மனிதரெல்லாம் ஒன்று” என்கிற பாட்டை ஒரே ஜாதியார் மட்டும் கூடி உட்கார்ந்து பாடுவது எவ்வளவு பெரிய கேலிக்கூத்து! ஓணத்தன்று பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது பத்திரிகையில் முதல் வரியில் என்ன போடுகிறான்? ஜாதியும் நட்சத்திரமும் போடுகிறான். விமானத்தில் இலை வந்தது, பூ வந்தது, அவற்றோடு ஜாதியும் எடை கட்டாமல் வந்து இறங்கிவிட்டது.

சாப்பாட்டிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஓண சத்யை என்றால் சுத்த சைவம் என்று ஒரு சட்டம் போலச் சொல்லுகிறார்கள். யார் போட்ட சட்டம்? கண்ணூரிலும் கோழிக்கோட்டிலும் அநேக வீடுகளில் ஓண இலையில் மீனும் கோழியும் விழுகிறது. அவர்கள் மலையாளிகளில்லையா? காளனும் ஓலனும் எரிசேரியும் நமக்கும் பிடித்தவைதான், அடைப்பிரதமனைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. ஆனால் ஒரு வகுப்பார் வீட்டுச் சமையலை எடுத்து இதுதான் எல்லோருடைய கலாசாரமும் என்று சொல்லும்போது, மற்றவன் வீட்டுச் சட்டி தீட்டு என்று சொல்லாமற் சொன்னதாகிறது.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்லுகிறோம். இன்றைக்குக் கோரன் எங்கே இருக்கிறான்?

2024 ஜூன் 12ந் தேதி விடியற்காலையில் இதே மங்காபில் தொழிலாளர் குடியிருந்த கட்டிடத்தில் தீப்பிடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 45 இந்தியர்களின் உடல்களை விமானப்படை விமானத்தில் ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டு போனார்கள். அவர்களில் 23 பேர் மலையாளிகள், 7 பேர் தமிழர்கள். சவப்பெட்டிகளை வரிசையாக வைத்திருந்ததைப் படத்தில் பார்த்தோம். அந்த வரிசையில் மலையாளி எது, தமிழன் எது என்று மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டியிருந்தது. உயிரோடிருக்கும்போது அவர்கள் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்திய ஓணத்தில் ஒரு மண்டபத்தில் இலை முன் உட்கார்ந்திருப்பார்கள்? சீட்டு வாங்கினால்தான் சத்யை என்கிற விழாக்கள் இங்கு நடக்கின்றன. முன் வரிசை நாற்காலி கம்பெனிக்காரர்களுக்கு, மேடை மந்திரிக்கு, நடனமாட ஊரிலிருந்து சினிமாக்காரர். காம்பில் இருப்பவனுக்கு அன்றைக்கும் இரண்டாவது ஷிப்ட். அவனுக்கு வருவது அலுமினியக் காகிதத்தில் சுற்றிய சோறு. தோழர்களே, கும்பிள் என்பது இலையாலேதான் செய்யப்பட வேண்டும் என்று விதியா இருக்கிறது?

அந்தக் காம்பில் மலையாளி மாத்திரமா இருக்கிறான்? தமிழன் இருக்கிறான், ஆந்திரன் இருக்கிறான், வங்காள தேசத்தான், நேபாளி, பீகாரி இருக்கிறார்கள். அவர்களுக்கு மாவேலியைத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. பசி தெரியும்.

இன்னும் ஒரு கண்ணாடியைப் பாருங்கள். நீங்கள் இங்கு வந்துவிட்டீர்கள், உங்கள் ஊரில் வேலை செய்வது யார்? வங்காளத்திலிருந்தும், ஒரிஸ்ஸாவிலிருந்தும், அஸ்ஸாமிலிருந்தும், பீகாரிலிருந்தும் வந்தவர்கள். நீங்கள் இங்கு அனுபவிப்பதையெல்லாம் அவர்கள் அங்கு அனுபவிக்கிறார்கள். ஒரே அறையில் பத்துப் பேர், பாஷை தெரியாத ஊர், கூலியில் பிடித்தம். எந்த ஊர்க்காரனாயிருந்தாலும் “பங்காளி” என்று ஒரே பேர் வைத்துக் கூப்பிடுகிறீர்கள். சர்க்கார் அவர்களை “அதிதித் தொழிலாளி” என்கிறது. அதிதி என்றால் விருந்தாளி. நல்ல வார்த்தை. ஆனால் திருவோணத்தன்று அந்த விருந்தாளிக்கு உங்கள் வீட்டில் இலை போட்டார்களா என்று வீட்டுக்குப் போன் செய்யும்போது கேட்டுப் பாருங்கள். நீங்கள் அனுப்பும் பணத்தில் கட்டுகிற வீட்டுக்குச் செங்கல் சுமக்கிறவன் அவன்தான்.

தமிழ்த் தோழர்கள் மலையாளிகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தமிழர் திருநாள் என்று பொங்கலை இங்கே கொண்டாடுகிறோமே, அதற்கும் இந்தப் பேச்சு முழுவதும் பொருந்தும். பொங்கல் மண்டபத்திற்கும் சீட்டு உண்டு, ஜாதிச் சங்கமும் உண்டு.

ஆகவே நாம் கேட்டுக் கொள்வது பெரிய காரியமல்ல. இன்னும் பல வெள்ளிக்கிழமைகளுக்கு மண்டபங்கள் பேசியிருக்கிறீர்கள். அதில் ஒரு வெள்ளிக்கிழமை மண்டபத்தை விட்டுவிடுங்கள். அந்த வாடகைப் பணத்திற்கு அரிசியும் பருப்பும் வாங்கிக் கொண்டு, அண்டாவோடும் இலைக்கட்டோடும் ஒரு காம்புக்குப் போங்கள். பொட்டலம் கட்டிக் கொடுத்துப் படம் பிடித்துக் கொண்டு திரும்பி வராதீர்கள், அது ஜன்மி துணி கொடுத்த மாதிரியாகிவிடும். அங்கேயே தரையில் இலை போட்டு, அவர்களோடு நீங்களும், உங்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வங்காளிக்கு மீன் வேண்டுமென்றால் மீன் போடுங்கள். பரிமாறுகிற முறை முதல் பந்தியில் சங்கத் தலைவர்களுடையதாக இருக்கட்டும். எச்சிலிலை எடுக்கிற முறையும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். மேடையும் மாலையும் வேண்டாம். அன்றைக்கு அந்தக் காம்பில் யாராவது, “இது என்ன பண்டிகை?” என்று கேட்டால், வாமனனையும் மூன்றடியையும் சொல்லி நேரத்தை வீணாக்காமல், செறாயியில் நடந்ததைச் சொல்லுங்கள்.

அதற்கு எந்தக் காம்பு, எந்த வெள்ளிக்கிழமை என்பதை இந்தக் கூட்டம் கலைவதற்குள் தீர்மானிக்கும்படி தலைவரவர்களைக் கேட்டுக் கொள்கிறோம். நம்மோடு வந்திருக்கும் தமிழ்த் தோழர்கள் காய் நறுக்குவதற்கு முந்தின இரவே வருவதாக ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். தேங்காய் திருகுவதில் மாத்திரம் அவர்களை நம்ப வேண்டாம், அது மலையாளத் தோழர்களுக்கே விட்டுவிட வேண்டிய வேலை.